தொண்ணூறால் பெருக்கினால்

ஜனவரி 12

சம்பந்தியம்மாளுக்கு,

நான் பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் சம்பந்தியும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கென்ன குறை. உங்கள் பெண்ணுக்கு வாந்தி நின்றுவிட்டது, இரண்டு வேளை சாப்பிடுகிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தைப் படிக்க மாட்டீர்கள்.

போன வாரம் போனில் நடந்த கூத்துக்குப் பிறகு என் பையன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுறீங்க, யாருமே கேக்குறதில்ல. இனிமே போன் வேண்டாம்மா. எழுதிக்கோங்க. எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்றான். சரி, எழுதுகிறேன். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பெண்ணைப் பெற்றவள் போக வேண்டிய இடத்துக்கு இவள் ஏன் போனாள் என்று நீங்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பதாகக் கேள்வி. நான் முப்பது வருடம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். நீங்கள் பள்ளிக்கூட ஆபீஸில் டி.சி. எழுதுகிறவர். யார் வந்தால் உபயோகம் என்று என் பையனுக்குத் தெரியாதா?

இங்கே விலைவாசி ஆனை விலை, குதிரை விலை. ஒரு லிட்டர் பால் இந்த ஊர்க் காசில் இரண்டு. நம் காசுக்குத் தொண்ணூறால் பெருக்க வேண்டும். நூற்றெண்பது! பன்னிரண்டு முட்டை நான்கு, அதாவது முந்நூற்று அறுபது. கோழி தீவனம் தின்கிறதா, தங்கம் தின்கிறதா? ரொட்டி இரண்டரை. ஆறு தக்காளியை ஒரு தட்டில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி, மூன்று என்கிறான். ஆறும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒன்றுக்கும் மணம் கிடையாது. தாளோடு சேர்த்து அமுக்கிப் பார்த்தேன். கடைக்காரப் பெண் முறைத்தாள். நானும் முறைத்தேன்.

நாலு நாளைக்கு முன்னால் உங்கள் பெண் கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கி வந்தாள். கட்டு என்றால் என் சுண்டுவிரல் பருமன். ஒன்றரை. நூற்று முப்பத்தைந்து! "எதுக்கும்மா இது?" என்றேன். "வாசனைக்கு அத்தை" என்கிறாள். இரண்டு நாள் மோந்து பார்த்தோம், மூன்றாம் நாள் அழுகிவிட்டது. பிறந்த வீட்டில் கையைப் பிடித்துச் செலவு செய்ய யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. குறை சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


பிப்ரவரி 3

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

இவருக்கு முழங்கால் வலி, எனக்கு உங்கள் கடிதம். மற்றபடி இங்கே நலம். அங்கே எல்லோரும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை என் பெண் குட்டி போனில் சொன்னாள். உங்கள் நலத்தை நான் தனியாக விசாரிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம், இதோ விசாரித்துவிட்டேன்.

தொண்ணூறால் பெருக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது? மாப்பிள்ளை அந்த ஊர்க் காசில் சம்பாதிக்கிறார், அந்த ஊர்க் காசில் வாங்குகிறார். நடுவில் எங்கிருந்து வந்தது தொண்ணூறு? பெருக்கியே ஆக வேண்டுமென்றால் அவர் சம்பளத்தையும் சேர்த்துப் பெருக்குங்கள். பெண் பார்க்க வந்தபோது எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அதைத்தானே பெருக்கிப் பெருக்கிச் சொன்னீர்கள். அன்றைக்கு இனித்த தொண்ணூறு இன்றைக்குக் கொத்தமல்லியில் கசக்கிறதோ?

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? நீங்கள் விமானம் ஏறியபோது வெங்காயம் கிலோ நாற்பது. இன்றைக்கு எழுபத்தைந்து. முட்டை ஒன்று ஏழு. எண்ணெய் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் கை சுடுகிறது. அதற்காக நான் இவர் தட்டை எட்டிப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கொத்தமல்லி மட்டும் இன்றைக்கும் கடைக்காரர் கொசுறாகப் போடுகிறார். கை கொள்ளாமல் வருகிறது. சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் டி.சி. எழுதுகிறவள்தான். ஆனால் என் பெண்ணை நான்தான் பெற்றேன், எந்த வார்டு நர்ஸும் பெறவில்லை. பிள்ளைத்தாய்ச்சி ஒரு வாசனைக்கு ஆசைப்பட்டால் அதை விலை சொல்லிக் காட்டக் கூடாது என்று உங்கள் வார்டில் சொல்லித் தரவில்லையா?

எங்கள் தெருத் தையல்காரரின் தம்பி அதே ஊரில்தான் பத்து வருடமாக பஸ் ஓட்டுகிறார். அவரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு குடும்பம்தான் நடத்துகிறார். அவர் கொத்தமல்லிக்காகக் கடிதம் எழுதி நான் கேள்விப்பட்டதில்லை.

குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள். என் பெண் சொல்வது காதில் விழாமல் போனாலும் பரவாயில்லை.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 20

சம்பந்தியம்மாளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை இருந்தது.

என் கண்ணாடி உடைந்துவிட்டது. நானேதான் அதன்மேல் உட்கார்ந்தேன். இங்கே புதிது போட என்ன ஆகும் என்று சொல்ல மாட்டேன், பெருக்கினால் உங்களுக்குப் பிடிக்காதே. கண்ணாடி இல்லாமல் எழுத முடிகிறது, படிக்க முடியவில்லை. அதனால் எழுத்து கொட்டை கொட்டையாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதங்களை உங்கள் பெண்தான் படித்துக் காட்டுகிறாள். பார்த்து எழுதுங்கள்.

இப்போதெல்லாம் கடைக்கு நான்தான் போகிறேன். சாயந்திரம் போனால் காலாற நடந்த மாதிரியும் இருக்கிறது. பால் லிட்டர் ஒன்று. பன்னிரண்டு முட்டை இரண்டு. ரொட்டி முக்கால். தக்காளித் தட்டு ஒன்று. பகல் கொள்ளை! இந்த விலைக்கு இஷ்டம் போல வாங்கித் தின்றால் குடும்பம் உருப்படுமா? வாரத்துக்கு ஒரு தட்டுத் தக்காளிதான் என்று சொல்லிவிட்டேன். கொத்தமல்லி கிடையவே கிடையாது. பழம் உங்கள் பெண்ணுக்கு மட்டும். அவளுக்குத் தினம் ஒரு முட்டை, இரண்டு வேளை பால். அது போதும். எத்தனை பிரசவம் பார்த்தவள் நான். ராத்திரி எட்டு மணிக்கு ஹீட்டரை அணைத்துவிடுகிறேன். போர்வை எதற்கு இருக்கிறது?

நான் கஞ்சம் என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

சம்பந்தியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 4

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

உடம்பு நன்றாகத்தான் இருந்தது, உங்கள் கடிதம் வரும் வரை. அதைப் படித்ததிலிருந்து ரத்தக்கொதிப்பு. (குட்டி, நீதான் படிக்கிறாய் என்று தெரியும். ஒரு வரியையும் முழுங்காமல் சத்தமாகப் படி.)

ஒரு முட்டையா? ஆறாம் மாதத்தில் இருக்கிற பெண்ணுக்கு எண்ணி ஒரு முட்டையா? ஹீட்டரை அணைக்கிறீர்களா? என் பெண் என்ன அங்கே சத்திரத்தில் தங்கியிருக்கிறாளா? கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிற மனிதர் வீட்டில் வாரத்துக்கு ஆறு தக்காளி! நான் இங்கே ஆபீஸில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். சொன்னேன், சிரித்தார்கள்.

உங்களுக்குக் கை இப்படி என்று தெரிந்திருந்தால் இந்தச் சம்பந்தத்துக்கே நான் தலையாட்டியிருக்க மாட்டேன். இவர்தான் "பையன் தங்கமா இருக்கான், விட்டுடாத" என்று அவசரப்படுத்தினார். பையன் தங்கம்தான். தங்கத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பிழைக்கிறவர் நீங்கள்.

இன்னொன்று. புதன்கிழமை ஆபீஸிலிருந்து வீட்டு நம்பருக்கு போன் செய்தேன். அங்கே பகல் பதினொரு மணி. குட்டி எடுப்பாள் என்று பார்த்தால் மாப்பிள்ளை எடுத்தார். தூக்கக் குரல். வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் என்ன செய்கிறார்? உடம்பு சரியில்லையா? அதையும் மறைக்கிறீர்களா?

இனி என்னால் பொறுக்க முடியாது. இந்த மாதம் முடிவதற்குள் நான் வந்து என் பெண்ணை அழைத்துக்கொண்டு வரப் போகிறேன். பிரசவம் இங்கே நடக்கட்டும். ஏழு ரூபாய் முட்டையை எண்ணாமல் தின்னட்டும்.

நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள். சாப்பிடாமல் விழுந்தால் அந்தப் பழியும் என் பெண் தலையில்தான் விழும்.

பெண்ணைப் பெற்றவள்


ஏப்ரல் 19

சம்பந்தியம்மாளுக்கு,

எல்லோரும் நலம். என் பையனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறான். இப்போது எல்லா ஊரிலும் இப்படித்தானே.

பெண்ணை அனுப்ப முடியாது. நீங்கள் வரவும் வேண்டாம். இங்கே இடம் இல்லை. கஞ்சம் என்றால் கஞ்சமாகவே இருந்துவிட்டுப் போகிறேன், சத்திரம் என்றால் சத்திரமாகவே இருக்கட்டும். இதற்கு மேல் எழுத எனக்கு நேரமில்லை, கடை மூடுவதற்குள் போக வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா


மே 10

சம்பந்தியம்மாளுக்கு,

வணக்கம் இல்லை. நலம் விசாரிக்கவும் இல்லை. (குட்டி, படி. உன் மாமியார் முகத்தைப் பார்த்துக்கொண்டே படி.)

"இடம் இல்லை" என்று எழுதினீர்களே, அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து உங்கள் கடிதங்களை மறுபடி எடுத்தேன். பள்ளிக்கூட ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் பேரையும் தேதியையும் ஒத்துப் பார்த்தவள் நான். ஜனவரியில் பால் இரண்டு என்று எழுதினீர்கள். மார்ச்சில் ஒன்று. முட்டை நான்காக இருந்தது, இரண்டாகிவிட்டது. ரொட்டி இரண்டரை, முக்காலாகிவிட்டது. உலகத்தில் எந்த ஊரிலாவது விலை இறங்கி நான் பார்த்ததில்லை. தையல்காரரிடம் சொல்லி அவர் தம்பியைக் கேட்கச் சொன்னேன். பால் இரண்டேகால் என்கிறார். முட்டை நாலரை. ரொட்டி இரண்டேமுக்கால். எல்லாம் ஏறித்தான் இருக்கிறதாம்.

அப்படியானால் என்ன அர்த்தம்? வாயால் விலை ஏறிவிட்டது, கொள்ளை என்று புலம்புகிறீர்கள். கைக்கோ பாதி விலையில் வருகிறது. எங்கேயோ மட்ட ரகமாக வாங்கி என் பெண்ணுக்குப் போட்டுவிட்டு, மாப்பிள்ளையிடம் முழு விலையை வாங்கி மிச்சத்தை முடிந்து வைத்துக்கொள்கிறீர்கள். அதற்குத்தானே கடைக்கு நானே போகிறேன் என்று கையில் பையை எடுத்தீர்கள்? பெற்ற பிள்ளை வீட்டில், பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றில் அடித்து, பால் காசில் திருடுகிறீர்கள். நீங்கள் திருடி. எழுத்தில் எழுதிவிட்டேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஜூனில் லீவு போடுகிறேன். வருகிறேன். இடம் இல்லாவிட்டால் வாசலில் படுத்துக்கொள்கிறேன்.


ஜூன் 6

சம்பந்தியம்மாளுக்கு,

என் கடிதம் கிடைத்ததா, இல்லையா? நாலு வாரமாக ஒரு வரி இல்லை. குட்டி போன ஞாயிறு "எல்லாம் நல்லா இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று இரண்டே நிமிடத்தில் வைத்துவிட்டாள். குரல் கம்மியிருந்தது, ஜலதோஷம் என்றாள். டிக்கெட் விசாரிக்கிறேன் என்றேன், "வராதம்மா, தயவு பண்ணி வராத" என்கிறாள். இது என்ன புதுக்கதை?

திட்ட வேண்டுமானால் திட்டி எழுதுங்கள். வாயை மூடிக்கொண்டு இருப்பது உங்களுக்குப் பழக்கமில்லை, எனக்கு பயமாக இருக்கிறது.

பெண்ணைப் பெற்றவள்


ஜூன் 17

சம்பந்தியம்மாளுக்கு,

உங்கள் பெண் நலம். வயிற்றிலிருப்பதும் நலம், நானே கை வைத்துப் பார்க்கிறேன். இந்தக் கடிதம் எங்கள் வீட்டிலிருந்து வரவில்லை. தையல்காரரின் தம்பியுடைய பஸ்ஸிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், அவர்தான் அண்ணன் விலாசத்துக்குப் போடப் போகிறார். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மே மாதக் கடிதத்தை உங்கள் பெண் கூடத்தில் உட்கார்ந்து பிரித்தாள். மூன்றாவது வரியில் நிறுத்தினாள். கண் மட்டும் கீழே கீழே ஓடியது. பிறகு மடித்துவிட்டு, "அம்மா சுகமா இருக்காங்களாம் அத்தை. நம்மளையும் உடம்பப் பாத்துக்கச் சொல்றாங்க. அவ்வளவுதான்" என்று உள்ளே போய்விட்டாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகக் கேட்கும்.

மறுநாள் மேஜை இழுப்பறையிலிருந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். தையல்காரரின் தம்பி எனக்கு முன்பே பழக்கம், நான் போகிற பஸ்தான் அவருடையது. கடைசி ஸ்டாப்பில் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தார். பாதியில் மீசையைத் தடவிக்கொண்டு, "இதுக்கு மேல வேண்டாம்மா. எனக்கு அடுத்த டிரிப்புக்கு நேரமாச்சு" என்றார். "படிங்க" என்றேன். படித்தார். "திருடி" என்கிற இடத்தில் அவர் குரல் உள்ளே போய்விட்டது. ஊரான் முன்னால், காலி பஸ்ஸில், அறுபத்திரண்டு வயதில் அந்தப் பெயரை வாங்கினேன். அவரிடம் விலை விசாரித்து எனக்கு வலை விரித்தது நீங்கள் என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

இப்போது கேட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் என் பையனுக்கு வேலை போய்விட்டது. அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து வீடு வீடாகப் பேப்பர் போடுகிறான். திரும்பி வந்து தூங்கும்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள்.

நான் எழுதிய விலை எதுவும் பொய்யில்லை. கடை மூடுகிற நேரத்தில் பின்பக்க அலமாரியில் அன்றோடு தேதி முடிகிற சாமான்களை வைப்பார்கள். பாதி விலை என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எண் கொட்டையாக இருக்கும், கண்ணாடி இல்லாமலே தெரியும். குளிரில் நின்று அதை வாங்கி வருகிறேன். உங்கள் பெண்ணுக்குக் கொடுக்கிற பாலும் முட்டையும் மட்டும் ஸ்டிக்கர் இல்லாதது, முழு விலை. அதை உங்களுக்கு எழுதவில்லை, எழுதினால் ஏன் இரண்டு விலை என்று கேட்பீர்கள். ஸ்டிக்கர் சாமான் எனக்கும் என் பையனுக்கும்.

பழைய விலையையே எழுதியிருந்தால் நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள். முப்பது வருடம் சார்ட்டில் மருந்தளவு எழுதிய கை. எண்ணை மாற்றி எழுத வரவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். மறைக்கச் சொன்னது உங்கள் பெண். வேலை போன அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மாவுக்குத் தெரியக் கூடாது அத்தை. உங்கள கஞ்சம்னு நெனச்சாலும் பரவால்ல, அவரத் தப்பா நெனைக்கக் கூடாது. தெரிஞ்சா 'நான் அன்னைக்கே சொன்னேனே'ன்னு சொல்லுவாங்க. அத என்னால கேக்க முடியாது."

அன்றைக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நிச்சயம் பேச வந்த எங்களை வைத்துக்கொண்டே, "கம்பெனி வேலையா? இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். அப்புறம் எம்பொண்ணு தெருவுல நிக்கணுமா?" என்றீர்கள். என் பையன் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தான். அவன் மறந்துவிட்டான், உங்கள் பெண் மறக்கவில்லை. அதனால்தான் நான் கஞ்சமானேன். எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை, பாதி கஞ்சம் நான் ஏற்கெனவே.

உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. இன்னும் ஆறு வாரம்தான். நிம்மதியாகப் பெற்றெடுக்கட்டும். அதனால் தனியாகப் பதில் எழுதாதீர்கள், வரவும் வராதீர்கள். வழக்கம் போல வீட்டு விலாசத்துக்கே எழுதுங்கள். திடீரென்று குழைந்து எழுதினால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே திட்டுங்கள். அது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

திருடி என்றதை நான் மறக்க மாட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா


ஜூலை 1

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம்.

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீங்கள் எப்படி இருந்தால் எனக்கென்ன. (குட்டி, சத்தமாகப் படி. அவர் காதுக்கு எட்டட்டும்.)

நீங்கள் இதுவரை எழுதிய கடிதமெல்லாம் வந்து சேர்ந்தது. எல்லாம் என்றால் எல்லாம். ஒன்றிலாவது பெரிய மனுஷி எழுதுகிற லட்சணம் உண்டா? தக்காளி, முட்டை, ரொட்டி! மளிகைக் கடைப் பட்டியலுக்கு நடுவில் மனுஷி எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

மே மாதத்தில் உங்களைத் திருடி என்று எழுதிவிட்டேன். அது தப்பு. திருடுவதற்குக் கொஞ்சமாவது கெட்டிக்காரத்தனம் வேண்டும். உங்களுக்கு அது கிடையாது. இரண்டு விலையை ஒழுங்காக மறைக்கத் தெரியாதவர் எதைத் திருடப் போகிறார்? அந்த வார்த்தையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் அதற்கு லாயக்கில்லை.

பெண்ணை அழைத்து வருகிறேன் என்று குதித்தேன். டிக்கெட் விலையைக் கேட்டேன். எதாலும் பெருக்காமலே தலை சுற்றியது. அங்கேயே இருக்கட்டும். என்ன இருந்தாலும் நீங்கள் வார்டில் கிடந்தவர், அது ஒன்றுதான் உங்களிடம் உருப்படி.

மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள், இனி நான் பகலில் போன் செய்ய மாட்டேன். பகல் போனுக்கு ஆபீஸில் முணுமுணுக்கிறார்கள். அவர் நிம்மதியாக வேலையைப் பார்க்கட்டும். அவரைப் பற்றி எனக்கு என்றைக்கும் ஒரு குறையும் கிடையாது. குறையெல்லாம் அவரைப் பெற்றவரிடம்தான்.

ஒரு பார்சல் அனுப்புகிறேன். பருப்பு, மிளகு, மஞ்சள் எல்லாம் என் பெண்ணுக்கு. நீங்கள் தொடக் கூடாது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் சமைக்கிறவர் நீங்கள், தொட்டுத் தொலையுங்கள். சமைத்ததை ருசி பார்க்காமல் என் பெண்ணுக்கு வைக்கக் கூடாது. முழுத் தட்டு ருசி பார்க்க வேண்டும், இது என் கண்டிப்பான உத்தரவு.

உங்களுக்கென்று அதில் இருப்பது ஒன்றே ஒன்று. பெரிய கடைத்தெருக் கண்ணாடிக்காரரிடம் உங்கள் பழைய பவர் சீட்டு இருந்தது. விலைச் சீட்டைச் சரியாகப் படிக்கத் தெரியாத உங்களோடு எழுதி எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. மாட்டிக்கொண்டு, நான் திட்டுவதை இனி நீங்களே படித்துக்கொள்ளுங்கள். மாசமான பெண்ணுக்கு இந்த வேலை எதற்கு?

பெண்ணைப் பெற்றவள்


ஜூலை 30

சம்பந்தியம்மாளுக்கு,

இங்கே நால்வரும் நலம். நால்வர் என்பதைப் போனில் கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். பேத்தி மூன்று கிலோ நானூறு. எண்ணி ஒரு முட்டையா என்று கேட்டீர்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்? ஆஸ்பத்திரித் தராசு, என் தராசு இல்லை. மூக்கு உங்கள் மூக்கு, அதற்கு நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

போன கடிதத்தை உங்கள் பெண்தான் பிரித்தாள். பார்சல் இரண்டு நாள் பிந்தி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "அதற்கு லாயக்கில்லை" என்ற இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் கடிதத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். "எங்கம்மா திருந்தவே மாட்டாங்க அத்தை" என்றாள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. அன்றைக்கு ராத்திரிதான் அவள் புரண்டு படுக்காமல் தூங்கினாள். நான் எழுந்து எழுந்து போய்ப் பார்த்தேன்.

இதை எழுதியதும் நானே தபாலில் போடுகிறேன், உங்கள் பெண் பார்க்கப் போவதில்லை. அதனால் சொல்கிறேன். என் பையனை ஒரு இடத்தில் அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் பழையதில் பாதி. தெருவில் நிற்க மாட்டோம்.

தையல்காரரின் தம்பி இப்போது வாரம் இரண்டு தடவை பாலும் பழமும் கொண்டு வந்து வைக்கிறார். கேட்டால் "கடையில சும்மா குடுத்தாங்கம்மா" என்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், காது சிவந்துவிடுகிறது. இது யார் வேலை என்று எனக்குத் தெரியும். இதற்கெல்லாம் நான் மசிய மாட்டேன் என்று உங்களுக்கும் தெரியும். நேற்று ஒரு கட்டு கொத்தமல்லி வேறு. உங்கள் பெண் அதைப் பேத்தியின் மூக்கருகில் காட்டிக்கொண்டிருந்தாள். நான் பெருக்கிப் பார்க்கவில்லை.

உங்கள் மிளகில் பாதி கல். கடைக்காரர் உங்கள் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார். கண்ணாடியின் இடது பக்கம் காதைக் கடிக்கிறது. ஃபிரேம் எனக்குப் பிடிக்காத நிறம், வேண்டுமென்றேதான் எடுத்திருப்பீர்கள். அதை மாட்டிக்கொண்டு முதலில் பேத்தியின் நகத்தைப் பார்த்தேன். பிறகு உங்கள் கடிதங்களையெல்லாம் எடுத்து வரிசையாகப் படித்தேன். மே மாதத்தையும் படித்தேன். கண்ணாடி என்ன விலை என்று நான் கேட்கவில்லை, கவனித்தீர்களா?

எழுத்து சின்னதாகிவிட்டதைப் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கும் உடம்பு முடியாத வயது, முழங்கால்காரரையும் வைத்துக்கொண்டு அலைகிறீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பதில் போடுங்கள். நன்றாகத் திட்டியே எழுதுங்கள். இனி நானே படித்துக்கொள்வேன்.

சம்பந்தி